பெயரில் மட்டும் இருக்கும் மார்க்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன், "இது சென்ட்ரல் போகுமா, மூர் மார்க்கெட் போகுமா சார்?" என்று கேட்டான். இரண்டும் ஒன்றுதான் என்றேன். "அப்போ மார்க்கெட் எங்கே?" என்றான். நீ இறங்கப்போகிற இடமே அதுதான் என்றதும், கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898ல் அடிக்கல் நாட்டி, 1900ல் கவர்னர் ஹேவ்லாக் திறந்துவைத்த சிவப்புக் கட்டடம்தான் மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் இருந்த பழைய சந்தைக்கு மாற்றாகக் கட்டியது. நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ், துருப்பிடித்த பூட்டு எல்லாம் கிடைக்கும். எனக்கு வேண்டியது பழைய புத்தகக் கடைகள்தான்.

1974ல் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தோடு அங்கே போனேன், வேண்டுமென்றே பழைய சட்டையில். நல்ல சட்டையைப் பார்த்தால் விலை ஏறிவிடும். ஒரு தமிழ் அகராதிக்கு எட்டு ரூபாய் சொன்னார் கடைக்காரர். புரட்டினால் முன்பக்கங்கள் கிழிந்துபோய் 'ஆ'வில்தான் தொடங்குகிறது. "'அ'வே இல்லையே" என்றேன். "'அ' தெரியாதவனா தம்பி அகராதி வாங்க வருவான்?" என்றார். கடைசியில் மூன்றே கால் ரூபாய்க்குக் கொடுத்தார்.

1985 மே 30ல் தீப்பிடித்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். வளைவுகளெல்லாம் கரி. தண்ணீரில் ஊறிய புத்தகக் கட்டுகளை வெயிலில் பிரித்துப் போட்டு, ஒட்டிக்கொண்ட தாள்களை ஒருவர் விரலால் பிரித்துக்கொண்டிருந்தார். தீ எப்படி வந்தது என்று அன்றைக்கே ஆளுக்கொரு கதை. ஸ்டேஷனை விரிவாக்க அந்த இடத்தின் மேல் ரயில்வேக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்ததால், கதைகளுக்குப் பஞ்சமில்லை. மிச்சச் சுவர்களும் போய், புறநகர் ரயில் நிலையம் வந்தது. கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின.

சரி, போனது போகட்டும். கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து வண்டி நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். பைக்குகளுக்கு நடுவே அது யார் கண்ணில் படும்? டிக்கெட் கவுன்ட்டருக்கு எதிரே, வரிசையில் நிற்பவர்கள் படிக்கும்படி, பழைய புகைப்படத்தோடு தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். யார் மூர், எந்த வருடம் கட்டியது, எந்த வருடம் எரிந்தது என்று பத்து வரி. தயவுசெய்து எழுத்துப்பிழை இல்லாமல். அச்சுக்குப் போகுமுன் காட்டினால் புரூஃப் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

— ஓய்வுபெற்ற கம்பாசிட்டர், அம்பத்தூர்