17 மைக்ரான்

அன்புள்ள மாப்பிள்ளை,

பேரன் பிறந்த செய்தி கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. உன் மூக்கு மட்டும் அவனுக்கு வந்திருக்கக் கூடாது. இங்கே எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன், வயிறு எரிகிறது.

அனுப்பிய அலுமினிய ரிங்குகள் மொத்தமும் திரும்பி வந்துவிட்டன. விட்டம் 100 மில்லிமீட்டர். 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, கூடலாம், குறையலாம், அவ்வளவுதான் அனுமதி. வாங்கிய கம்பெனியின் இன்ஸ்பெக்டர் அவர்கள் கொட்டகையில் வைத்து அளந்து, 'ஓவர்சைஸ்' என்று சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். கொட்டகையில் 35 டிகிரி வெக்கை! 20 டிகிரியில் சரியாக இருக்கும் ரிங் அந்தச் சூட்டில் கிட்டத்தட்ட 35 மைக்ரான் விரியும். அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரும் விரியாதா என்று கேட்பாய். அது உருக்கு, அலுமினியம் விரிவதில் பாதிதான் விரியும். மிச்சம் 17 மைக்ரான் ரிங்கின் தலையில் விழுகிறது.

வரைபடத்தில் வெப்பநிலை போடவில்லையே என்கிறார் அவர். போடாவிட்டால் 20 டிகிரி என்றுதான் பொருள், 1931இலேயே முடிவான விஷயம் இது. தாடி மாஸ்டர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கொட்டகையிலேயே வகுப்பெடுத்திருப்பார்.

பணம் போனது கூடப் பெரிதில்லை. கைப்பக்குவம் இல்லாத வேலை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். லேத்தில் நிற்கும் பையன் அதைப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. மைக்ரோமீட்டரை அளவுக்கு மேல் இறுக்கவிடாத ராட்செட் திருகு மூன்று முறை 'கிளிக்' என்ற பிறகுதான் அளவைப் படிப்பவன் அவன்.

நீ நெடுநாள் நச்சரித்த ஸ்லிப் கேஜ் செட்டை, அதுதான் அளவு சரிபார்க்கும் துல்லியமான கட்டைகளை, வாங்கிவிட்டேன். ஏசி அறையில் ரிங்குகளையும் மைக்ரோமீட்டரையும் இரவு முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். காலையில் இரண்டு கேஜ்களைத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, அழுத்தித் திருப்பினான் பையன். பசையில்லை, காந்தமில்லை, ஒட்டிக்கொண்டன. மேல் கட்டையைப் பிடித்துத் தூக்கினால் கீழ்க்கட்டையும் கூடவே வருகிறது! ஸ்வீடன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜோஹான்சன், 102 கட்டைகளை இப்படிச் சேர்த்துச் சேர்த்தே ஆயிரக்கணக்கான அளவுகளை உண்டாக்கினார். அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. கேஜை வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்த்துவிட்டு ரிங்குகளை அளந்தோம். ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை.

வியாழக்கிழமை மறுசோதனைக்கு இன்ஸ்பெக்டர் இங்கே வருகிறார். பாலிடெக்னிக்கில் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு வா. நான் சொன்னால் வியாபாரி பேச்சு என்பார்கள், நீ சொன்னால் கேட்பார்கள். உங்கள் லேபில் உள்ள நல்ல தெர்மாமீட்டரையும் எடுத்து வா. அளவை அவர் கையாலேயே எடுக்கட்டும். பையனும் பக்கத்தில் நிற்பான்.

அன்புடன்,
உன் மச்சான்