கிட் பையைப் பரணில் ஏற்றும் பெற்றோருக்கு

கோடை விளையாட்டு முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோர்களுக்கு வணக்கம்.

நான் பி.டி. டீச்சர். சென்னையில் பள்ளிக்கூட மைதானத்தில் இருபத்தேழு வருஷம் விசிலோடு நின்றவள். ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல், மே வந்தால் எங்கள் பகுதியில் நடக்கும் முகாமுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுவேன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். போன வருஷம் முகாமின் முதல் நாள் பார்த்த ஒரு காட்சிதான் இந்த மடலை எழுத வைத்தது.

பதினொரு வயதுப் பையன், நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரன். அவன் கிட் பையின் ஜிப்பைத் திறந்ததும் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். கிளவுஸ் இரண்டும் கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தன. விரல் இடுக்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. பேட்டின் அடிநுனி உப்பி, அங்கிருந்து மேலே ஒரு கீறல் ஓடியிருந்தது. முந்தைய மே மாதக் கடைசியில் வியர்வை ஈரத்தோடு மூடிய பை அது. பரணில் ஏறியது, ஒரு முழு மழைக்காலத்தை அங்கேயே கழித்துவிட்டு அன்று காலைதான் இறங்கியிருக்கிறது. அவன் அப்பா நல்ல மனுஷர். "பரவாயில்ல டீச்சர், சாயங்காலமே புதுசு வாங்கிடறேன்" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே நின்றான். அந்த பேட்டில்தான் அவன் முதன்முதலாக ஐம்பது அடித்தான் என்பது அப்பாவுக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது, அன்று நான்தான் ஸ்கோர் எழுதினேன்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். விளையாட்டுச் சாமானுக்கு வீட்டில் காற்றோட்டமான ஓர் இடம் கொடுங்கள். அதைப் பார்த்துக்கொள்கிற வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.

"இடத்துக்கு எங்கே டீச்சர் போறது?" என்று கேட்பீர்கள். பல வருஷத்துக்கு முன் வியாசர்பாடியில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கம் கால்பந்து எவ்வளவு பெரிய விஷயம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பத்தில் ஒரே அறை, அதிலேயே அடுப்பு, ஐந்து பேர் குடித்தனம். வாசல் நிலைக்குப் பக்கத்தில் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் வலைப்பையில் பந்து. இன்னொன்றில் பூட்ஸ் இரண்டையும் லேஸால் முடிந்து தொங்கவிட்டிருந்தாள். பூட்ஸுக்குள் கசக்கித் திணித்த பழைய பேப்பர், ஈரத்தை இழுப்பதற்கு. மறுநாள் காலையில் அந்தப் பேப்பரை மாற்றுவாளாம். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அண்ணன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்த ஒரு ஜோடி பூட்ஸில் இரண்டு வருஷம் ஆடினாள்.

இரண்டு ஆணிக்கு இடமில்லாத வீடு கிடையாது. மூன்று படுக்கையறை ஃபிளாட்டிலும் நாம் முதலில் தேடுவது பரணைத்தான், இல்லாவிட்டால் கார் டிக்கியை. இரண்டும் இந்தச் சாமான்களுக்குக் கொலைக்களம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற பரணும், மே மாத வெயிலில் நிற்கிற காரும் எவ்வளவு சூடாகும் என்று கை வைத்துப் பார்த்தாலே தெரியும். அந்தச் சூட்டில் ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டிய பசை இளகும், ராக்கெட்டின் நரம்பு தளரும், கிரிப் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் அதே பரணில் ஈரம் தங்கும். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரம் என்பது அதைவிடப் பெரிய குறை. எட்டாத சாமானை யார் துடைப்பார்கள்?

வெயிலில் காயப்போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. தோல் கிளவுஸை நேர் வெயிலில் போட்டால் உள்ளங்கைத் தோல் இறுகி, மடங்குகிற இடத்தில் வெடிக்கும். வாஷிங் மெஷினில் போட்ட கிளவுஸையும் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையை முழுக்கத் திறந்து, கிளவுஸையும் கால் பேடையும் ஃபேனுக்கு அடியில் விரித்து வைத்தால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். உள்ளே போடுகிற துணி கிளவுஸை மட்டும் தினமும் துவைக்கலாம். பேடில் மண் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஐந்து நிமிஷம் ஆகாது.

பேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் அங்கேதான் போகிறது. பேட் என்பது வில்லோ மரம். காஷ்மீர் வில்லோவோ இங்கிலீஷ் வில்லோவோ, மரம் எப்போதும் மரம்தான்: ஈரத்தைக் குடித்தால் உப்பும், ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும். காலைப் பனியில் நனைந்த புல்லில் நுனியை ஊன்றிக்கொண்டு நின்றால் ஈரம் அடியிலிருந்து ஏறும். அதற்காகத்தான் நுனியில் ரப்பர் காப்பு ஒட்டுகிறோம். வெறும் மரமாக இருக்கிற புது பேட் என்றால் பச்சை ஆளிவிதை எண்ணெய், காய்ச்சாதது, ஒரு டீஸ்பூன் அளவு போதும். பந்து படுகிற முகத்திலும் ஓரங்களிலும் நுனியிலும் துணியால் மெல்லிசாகத் தடவ வேண்டும். கைப்பிடி வந்து செருகியிருக்கிற வி வடிவ இடத்தில் எண்ணெய் படவே கூடாது, அங்கே இருக்கிற பசை விட்டுப்போகும். ஸ்டிக்கர் மேலும் வேண்டாம். தடவியபின் சுவரில் சாய்க்காமல் படுக்க வைத்து ஒரு ராத்திரி விடுங்கள், நிறுத்தினால் எண்ணெய் நுனிக்கு இறங்கிச் சேரும். சமையலறையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் எடுத்து ஊற்றாதீர்கள். முகத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வருகிற பேட்டுக்கு அந்த இடத்தில் எண்ணெயே தேவையில்லை.

எண்ணெய்க்குப் பிறகு நாக்கிங். மரச் சுத்தியாலோ, சாக்ஸில் போட்டுக் கட்டிய பழைய பந்தாலோ முகத்தை மெதுவாக, பிறகு சற்று அழுத்தி, பல மணி நேரம் தட்டிப் பழக்குவது. கடைக்காரர் மெஷினில் போட்டுத் தருகிறேன் என்பார். சரி, செய்து கொள்ளுங்கள். ஆனாலும் கொஞ்சமாவது பிள்ளை உட்கார்ந்து தட்டட்டும். டொக் டொக் என்ற சத்தம் நாலைந்து நாளில் மாறுவதை அவன் காது கண்டுபிடிக்கும். பந்து எங்கே பட்டால் நன்றாகப் போகும் என்று அந்தத் தட்டலிலேயே கை தெரிந்துகொள்கிறது. இதைச் சொல்லித் தர எனக்கு வேறு வழி தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று சொன்னால் மாடிக்கு அனுப்புங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் பிள்ளையை நம்பி விடாதீர்கள், நீங்களே பாருங்கள். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பவுன்சர், அதாவது எகிறி வந்த பந்து, கழுத்தில் பட்டு இரண்டு நாளில் இறந்துபோன ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஃபிலிப் ஹியூஸுக்கு அப்போது வயது 25. அதற்குப் பிறகுதான் ஹெல்மெட்டின் பின்னால் மாட்டுகிற கழுத்துக் காப்பு பரவலாக வந்தது. பிள்ளையின் ஹெல்மெட்டில் முன் கம்பியைப் பிடிக்கிற திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, தாடைப்பட்டை அறுந்திருக்கிறதா, உள் பஞ்சு நொறுங்கியிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். அண்ணனுடைய ஹெல்மெட்டைத் தம்பிக்குப் போட்டு, அது கண்ணை மறைத்து, தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு ஆடுகிற குழந்தைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பேடு, பை, பேட் எல்லாம் கைமாறட்டும். ஹெல்மெட் மட்டும் அளவு பார்த்துத்தான்.

ஷட்டில் ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இறகு காக்குக்கு ஈரம் கொஞ்சம் பிடிக்கும். பதினாறு இறகும் காய்ந்துபோனால் இரண்டு ஸ்மாஷில் ஒடிந்து உதிரும். டப்பாவை மூடி போடாமல் ஏசி அறையில் வைக்காதீர்கள். ஆடுவதற்கு முதல் நாள், டப்பாவின் இரண்டு பக்க மூடியையும் திறந்து கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் சில விநாடி காட்டி எடுப்பவர்கள் உண்டு, நல்ல பழக்கம். ராக்கெட்டின் மேல் கனமான எதையும் வைக்க வேண்டாம்.

கேரம் போர்டை நிறைய வீடுகளில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சாய்த்து வைக்கிறார்கள். நாளடைவில் பலகை வளைந்துவிடும், நடுவில் காய் தானாக ஓடும். சமமாகப் படுக்க வையுங்கள், அல்லது நேராகத் தொங்க விடுங்கள். ஆடி முடித்ததும் போரிக் பவுடரைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் காட்டக் கூடாது. இது சின்னப் பிள்ளை விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். உலகப் பட்டம் வென்று 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண்.

பெரியவர்களின் சாமானையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. டிரெட்மில் ஓடாத நேரத்தில் அதன் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்த பிறகுதான் பெலோட்டன் நிறுவனம் தன் டிரெட்மில் மாடல் ஒன்றைத் திரும்பப் பெற்றது. டம்பெல்லைக் கனமானது கீழே, லேசானது மேலே என்று ஸ்டாண்டில் அடுக்குங்கள், தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வியர்வையைத் துடைத்துவிட்டு எப்போதாவது ஒரு சொட்டு மெஷின் ஆயில் துணியில் தொட்டுத் தடவினால் போதும். உடற்பயிற்சி ரப்பர் பேண்டை இழுக்கும் முன் ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள். பொடிப் பொடியாக வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், முகத்துக்கு நேரே அறுந்தால் கண் போகும்.

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை அன்று புத்தகத்தோடும் வண்டியோடும் பேட்டையும் ராக்கெட்டையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. என் அப்பா தன் சிலம்பக் கம்பை அன்று மட்டும் என்னைத் தொட விடுவார். மற்ற நாட்களில் அது கூடத்து உத்தரத்தில் இரண்டு கயிற்று வளையத்தில் நீளவாக்கில் தொங்கும். மூலையில் சாய்த்தால் கம்பு கூன் விழும் என்பார். ஆட்டம் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் கம்பைத் துடைப்பார். அவர் அதைச் செய்யும்போது பேசமாட்டார். நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கால்வாசி அந்தப் பேசாத ஐந்து நிமிஷத்தில் பார்த்ததுதான்.

அதனால்தான் பிள்ளையின் வேலையை நீங்கள் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முகாம் வாசலில் தினமும் பார்க்கிறேன்: பை அம்மா தோளில் வரும், பிள்ளை கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கும். வீட்டில் அப்பா பேடைத் துடைப்பார், பிள்ளை போன் பார்க்கும். அன்பினால்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் தன் கையால் துடைக்கிற பிள்ளைதான் பேட்டில் விழுந்த முதல் மயிரிழைக் கீறலைப் பார்க்கும், திருகு ஆடுவதைச் சொல்லும். அப்போதே டேப் சுற்றினால் பேட் பிழைத்துவிடும்.

இந்த வருஷம் முகாமில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். காலை எட்டு மணிக்கு ஆட்டம் முடியும். அடுத்த பத்து நிமிஷம் எல்லாரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவரவர் சாமானைத் துடைத்துப் பார்த்து அடுக்க வேண்டும். தயவுசெய்து அந்தப் பத்து நிமிஷம் வெளியில் ஹாரன் அடிக்காதீர்கள். சிறிசாகிப்போன பேடு, ஷூ இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள், சொந்தக் கிட் இல்லாத பிள்ளைகள் நான்கைந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்கு இன்ன அளவு என்று குறித்து வைத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் அந்தப் பையைப் பரணிலிருந்து இறக்கி, பிள்ளையையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் வரும்போது பையில் பழைய பனியன் துணி ஒன்றும் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பி.டி. டீச்சர்