மாத்திரை கேட்காமல் போனால்...

ஆசிரியருக்கு,

புற்றுநோய் மாத்திரைகள் பற்றிய கட்டுரை நன்று. ஆனால், அவை ஒரு கட்டத்தில் ஏன் கேட்பதில்லை என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

எங்கள் அத்தான் பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனாலும் நுரையீரலில் கட்டி. செல்லின் மேலிருக்கும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் மரபணு மாற்றத்தால், அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, 'பெருகு, பெருகு' என்று ஏவிக்கொண்டே இருந்ததாம். ஜெஃபிடினிப் மாத்திரை அதை அடக்கியது. இருமல் நின்றது, தாராவி வீட்டின் செங்குத்து ஏணியில் அவரே ஏறினார். அப்புறம் கட்டி மறுபடி வளர்ந்தது. டூப்ளிகேட் மாத்திரை என்று சொந்தக்காரர்கள் மருந்துக்கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார்கள், பாவம்!

மாத்திரை அசலாகவே இருந்தாலும், அதே புரதச் சங்கிலியின் 790ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் மெத்தியோனின் என்ற இன்னொன்று வந்தால் ஜெஃபிடினிப் எடுபடாது. இந்த மருந்து கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுதான் காரணம். அதற்கென்றே ஓசிமெர்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. மாற்றத்தை ரத்தத்திலேயே தேடலாம். அதில் தெரியாவிட்டால் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பார்கள். முதலில் பார்த்த மருத்துவமனையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மும்பையில் இந்தப் பரிசோதனையை எங்கெங்கே செய்கிறார்கள், என்ன செலவாகும் என்று விசாரித்து எழுதுங்களேன்.

ஒரு வாசகி,
தாராவி, மும்பை