கீல் நகரத்திலிருந்து அம்மாவுக்கு

கீல், ஜேர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் தம்பியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. அடுத்த தெருவில் இருக்கிற வல்வெட்டித்துறை அக்கா புட்டு அவித்தால் எனக்கும் ஒரு பங்கு வரும்.

போன கிழமை ரெலிபோனில், "கதிர்வீச்சோட வேலை செய்யிறியாம், உடம்புக்கு ஒண்டும் செய்யாதோ பிள்ளை?" என்று கேட்டீங்கள். உங்கட குரலில் இருந்த பயம் எனக்கு விளங்கியது. ஆறுதலாகச் சொல்லவேண்டிய விசயம், அதனால்தான் எழுதுகிறேன்.

சூரியனிலிருந்து வெளிச்சம் மட்டும் வருவதில்லை. அங்கே பெரிய வெடிப்பு நடந்தால் புரோத்தன், இலத்திரன் எனும் அணுவிலும் சிறிய துணிக்கைகளும் கடும் வேகத்தில் பறந்து வரும். அதுவும் கதிர்வீச்சுத்தான். விண்கலங்களில் அவற்றைப் பிடிக்கிற சிலிக்கன் உணரிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள வட்டத் தகடு, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். விரல் பட்டால் பழுதாகலாம். வெளிச்சம் பட்டாலே மின் சைகை காட்டும் என்பதால் இருட்டான வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து மூடித்தான் அளப்போம்.

இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கோ. ஒரு துணிக்கை சிலிக்கனுக்குள் நுழைந்தால், அது இழக்கிற ஒவ்வொரு 3.6 இலத்திரன் வோல்ற் (துணிக்கைகளின் சக்தியை அளக்கிற மிகச் சிறிய அலகு) சக்திக்கும் ஒரு இலத்திரன் விடுபடும். 10 இலட்சம் இலத்திரன் வோல்ற்றோடு வந்து உள்ளே நின்றுபோனால் ஏறத்தாழ 280,000 இலத்திரன்கள். அந்தத் துளி மின்னேற்றத்தை அளந்தால் சக்தி தெரியும். வந்தது எது என்று அறிய, தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவோம். முதல் தகட்டைத் துளைத்துப் போகப் புரோத்தனுக்கு 60 இலட்சம் இலத்திரன் வோல்ற் அளவில் வேண்டும். அதே வேகத்தில் வருகிற ஹீலியம் அந்தத் தகட்டில் நாலு மடங்கு சக்தியை விட்டுவிட்டுப் போகும். அங்கே ஆளைப் பிடித்துவிடலாம். முதன்முதலாகப் புரோத்தனின் கோடும் ஹீலியத்தின் கோடும் திரையில் தனித்தனியாகப் பிரிந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு நித்திரையே வரவில்லை அம்மா.

சூரியனை ஆராய 2020 பெப்ரவரி 10 இல் ஏவிய 'சோலார் ஓர்பிற்றர்' கலத்தில் எங்கட பல்கலைக்கழகத்தில் செய்த இப்படியான கருவிகள் போயிருக்கின்றன. சூரியனுக்கு 4 கோடி 20 இலட்சம் கிலோமீற்றர் வரை கிட்டப் போகிறது. புதன்கூட அவ்வளவு கிட்டப் போவதில்லை.

இது ஆருக்குப் பிரயோசனம் என்று அப்பா கேட்பார். 1972 ஓகஸ்டில் சூரியன் பயங்கரமாக வெடித்தது. சந்திரனுக்கு மனிசரை ஏற்றிப் போன அப்பலோ 16 ஏப்ரலில் போய் வந்துவிட்டது, அப்பலோ 17 டிசம்பரில்தான் போனது. இடையில் ஆராவது சந்திரனில் நடந்துகொண்டிருந்தால் கடும் வருத்தம் வந்திருக்கும். இலத்திரன்கள் ஆபத்தான புரோத்தன்களுக்கு முந்தி வந்து சேரும். சூரியனைக் கவனிக்க 1995 இல் ஏவிய 'சோஹோ' கலத்தில் இருக்கிற கீல் கருவி அந்த இலத்திரன்களை எண்ணியதை வைத்து, ஒரு மணித்தியாலம் வரை முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்று 2007 இல் காட்டினார்கள். ஒதுங்குவதற்கு அந்த நேரம் பெரிய நேரம். மனிசரைக் காப்பாற்றுகிற வேலை என்றுதான் நான் இதைச் செய்கிறேன்.

இனி உங்கட பயம். நாங்கள் சோதிக்கப் பாவிக்கிற அமரிசியம் என்ற கதிர்வீசும் உலோகத்தின் அல்பாத் துணிக்கை ஒரு கடதாசியோடு நின்றுவிடும். அதையும் பூட்டித்தான் வைப்போம், கையில் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்குச் சூரியனாலும் பயமில்லை. பூமியின் காந்தப் புலம் சூரியனிலிருந்து வருகிற துணிக்கைகளைத் துருவங்களின் பக்கம் திருப்பிவிடும். காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்கட பக்கத்துக்கு அவை வந்து சேருவது ஆகக் கடினம். கீல்தான் கொஞ்சம் திறந்த இடம், இங்கேயும் தலைக்கு மேல் வளி தடுத்துவிடும்.

தம்பியை உயர்தரத்துக்குப் பௌதிகவியலை விடவேண்டாம் என்று சொல்லுங்கோ. விளங்காததை எழுதி அனுப்பினால் நான் விளக்கி எழுதுவேன். மாமி தை மாதம் வருகிறாவாம், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் குடுத்துவிடுங்கோ. அப்பாவின் கண் ஒப்பரேசனுக்குக் காசு இந்த மாத முடிவில் போடுகிறேன், திகதியைப் பின்போட வேண்டாம்.

அன்பு மகள்