எடை பார்த்தாயா?

அன்புள்ள கயல்,

புற்றுநோய் சிகிச்சையை டாக்டர்கள் கூடி முடிவு செய்யும் டியூமர் போர்டுக்குப் போகும் முன் ஒவ்வொரு கேஸையும் சாட்ஜிபிடியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று நேற்று போனில் சொன்னாயே, அதுதான் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது. திட்டப் போவதில்லை. நைட் டியூட்டியில் சந்தேகம் கேட்க ஆளில்லாமல் நாங்கள் பட்ட பாட்டுக்கு, இப்படி ஒன்று இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

நீ அனுப்பிய 2023 ஆய்வை, பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனைக்காரர்கள் செய்ததை, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல் புற்றுநோய் மூன்றுக்கும் சேர்த்து சாட்ஜிபிடியிடம் 104 கேள்வி கேட்டிருக்கிறார்கள். 102 பதில்களில், அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என்.-னின் வழிகாட்டி சொல்லும் சிகிச்சை ஒன்றாவது இருந்ததாம். சபாஷ் போடலாம் என்று பார்த்தால், அந்த 102-லேயே மூன்றில் ஒரு பங்கில் வழிகாட்டிக்கு ஒத்துவராததும் கூடவே கலந்திருக்கிறது. 13 பதில்களில் எந்தப் பரிந்துரையிலும் இல்லாத சிகிச்சையே வந்திருக்கிறது. அது பழைய மாடல் அம்மா என்பாய், சரி. அரிசியில் கறுப்புக் கல் கிடந்தால் யார் வேண்டுமானாலும் பொறுக்கிவிடலாம், வெள்ளைக் கல் பல்லில் பட்டால்தான் தெரியும். மாடல் தேறத் தேறக் கல் வெளுத்துக்கொண்டே வருமோ என்றுதான் எனக்குப் பயம்.

கீமோ வார்டில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். ஃபைலில் 58 கிலோ. ஊசி போட இடம் தேடிக் கையைத் தூக்கினால் வளையல் சரசரவென்று முழங்கை வரை போகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை, கூட்டிப்போய் எடை மெஷினில் நிறுத்தினேன். 49. டோஸ் போடுவதே உயரத்தையும் எடையையும் வைத்துத்தானே, அதற்குள் மருந்து கலக்க எடுத்துவிட்டார்கள். நிறுத்தச் சொன்னதற்கு முதலில் எனக்குத்தான் திட்டு, அப்புறம் டோஸைக் குறைத்து எழுதினார்கள். உன் சாட்பாட்டிடம் 58 என்று கொடுத்திருந்தால் 58-க்குத் துல்லியமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும். வளையல் அதற்கு எங்கே தெரியப்போகிறது?

நோயாளி பெயர், ஃபைல் நம்பர் எதையும் அதில் தட்டிவிடாதே. அது சொல்கிற மருந்தை வழிகாட்டியைத் திறந்து நீயே தேடிப் பார், சீஃப் கேட்டால் எங்கிருந்து எடுத்தாய் என்று மறைக்காமல் சொல். அப்புறம் ஆளை மெஷினில் நிறுத்தும்போது செருப்பைக் கழற்றச் சொல், முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

அம்மா