மடோனா அந்தப் படத்திலேயே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க இயக்குநர் சூசன் சீடல்மனின் முதல் படமான 'ஸ்மிதரீன்ஸ்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'மடோனா படத்துக்கு ஓர் ஒத்திகை' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். ஒத்திகையைத்தான் 1982இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் சேர்த்தார்களா? பாடகி மடோனா நடித்து, இதே சீடல்மன் இயக்கிய 'டெஸ்பரேட்லி சீக்கிங் சூசன்' வந்ததே 1985இல்தான். தாங்கள் அறியாததல்ல.

'மலிவான, கரகரப்பான ஒளிப்பதிவு' என்று இன்னொரு குறை. ஐயா, நான் கலர் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 16 மி.மீ. ஃபிலிமைப் பெரிய திரையில் போட்டால் கிரெய்ன், அதாவது பொடிப் பொடிப் புள்ளிகள், தெரியத்தான் செய்யும். சுமார் 40,000 டாலரில், தன் பாட்டி விட்டுச்சென்ற பணத்தையும் போட்டு சீடல்மன் எடுத்த படம். நடுவில் நாயகி சூசன் பெர்மனுக்குக் கால் உடைந்து வேலையே நின்றுபோனது. எங்கள் லேபுக்கும் வருவார்கள் சிலர். பூஜைக்கும் விளம்பரத்துக்கும் வாரி இறைத்துவிட்டு, பிரிண்டுக்குக் கடன் சொல்வார்கள். அந்தப் படங்களுக்கெல்லாம் 'பிரம்மாண்டம்' என்று பட்டம் கொடுத்தது இதே பத்திரிகைதான். பழைய இதழ்கள் பரணில் இருக்கின்றன.

சரி, படத்தின் பின்னணியான பங்க் என்ற முரட்டு ராக் இசையைப் பற்றியாவது நாலு வரி இருக்கும் என்று பார்த்தால், கலர் தலைமுடி பற்றி ஒரு பெட்டிச் செய்தி! எரிக் என்ற பாத்திரத்தில் நடித்த பங்க் பாடகர் ரிச்சர்ட் ஹெல்லின் பெயரே இல்லை. கிழிந்த சட்டையும் சேஃப்டி பின்னுமாக நியூயார்க்கில் அவர் திரிந்த கோலத்தைப் பார்த்துத்தான், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரன் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். அப்பேர்ப்பட்டவர், இந்தப் படத்தில் அந்த நாயகியை ஏமாற்றிவிட்டு ஓடும் பாடகராக வருகிறார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்ட மாதிரி இருக்கிறது.

'நாயகி மீது பரிதாபம் வரவில்லை'யாம். நாயகி ரென் பாடுவதில்லை, எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். தன் முகத்தையே நகலெடுத்து, 'இது யார்?' என்று சுரங்க ரயிலில் ஒட்டுகிறாள். அந்த பங்க் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பு. கூட்டமோ லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. திருடுகிறாள், பொய் சொல்கிறாள், வேனில் படுத்துத் தூங்கும் அப்பாவிப் பையனை அலையவிடுகிறாள். பரிதாபப்படுங்கள் என்று இயக்குநர் எங்கே கேட்டார்? இதையே ஓர் ஆண் செய்திருந்தால் 'எதார்த்த நாயகன்' என்று அட்டைப்படம் போட்டிருப்பீர்கள்.

உலக சினிமாத் தொடரை நிறுத்தி அந்தப் பக்கத்தில் ராசிபலன் போட்டபோதே எழுத நினைத்தேன். அப்புறம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். கட்டுரையோடு நீங்கள் போட்டிருக்கும் புகைப்படம் மடோனாவுடையது. அடுத்த இதழில் சூசன் பெர்மன் படத்தைப் போட்டு ஒரு வரி திருத்தம் வெளியிடவும். இடமில்லாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால், போன முறை போல நடுவில் வெட்டி, நான் உங்களைப் பாராட்டுவதாக ஆக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தாம்பரம்