டூட்டியை ஒப்படைக்க ஓர் ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

போன வாரம் பேசும்போது, "அந்தப் பொண்ணு மறுபடி வந்து உக்காந்திருக்காம்மா, பாத்தாலே எரிச்சலா வருது" என்றாய். சொல்லிவிட்டு, இப்படி நினைக்கிறோமே என்று உனக்கே அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தும் திங்கட்கிழமை எழுந்திருக்க முடியவில்லை என்கிறாய். நான் இந்தக் கவுன்சிலிங் தொழிலுக்கே லாயக்கில்லையோ என்றும் கேட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

உன் பழைய பாடப்புத்தகங்கள் இங்கே அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்துப் படித்தேன். 'பர்ன்அவுட்' என்கிற வேலைச் சோர்வை அளக்க, கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியல் ஆய்வாளர் 1981-இல் கொண்டுவந்த அளவுகோலில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள் என்று இருக்கிறது. மனசு வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மேல் ஒட்டுதல் இல்லாமல் போவது, செய்கிற வேலையால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. பரீட்சைக்குப் படிக்கும்போது இந்தப் பக்கத்தில் நீயே கோடு போட்டு வைத்திருக்கிறாய். நீ போனில் சொன்னது மூன்றும் அதில் இருக்கிறது, கண்ணு. 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை நோய் என்று சொல்லவில்லை. தீராமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்றுதான் சொன்னது. 1974-இல் இதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர். மனசு வைத்து உழைக்கிறவர்களுக்குத்தான் இது சுலபமாக வரும் என்று அப்போதே எழுதிவிட்டார். எரிச்சல் வந்துவிட்டதால் நீ இரக்கம் கெட்டவள் ஆகிவிடவில்லை.

தீக்காய வார்டில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே நடந்ததை உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. வந்து சேரும் பெண்களில் பலரும் "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்பார்கள். புருஷன் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வரும்போது சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். சில பெண்கள் அவரிடமும் ஸ்டவ் என்றே சொல்லிவிட்டு, ராத்திரி ட்ரிப் மாற்றப் போகும்போது எங்களிடம் வேறு சொல்வார்கள். மெதுவாக, பிள்ளைகள் பெயரை நடுவில் சொல்லிச் சொல்லி. கேட்டுக்கொண்டே ஊசி போட வேண்டும், கை நடுங்கக் கூடாது. உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு எழுத வைப்போம்.

அதையெல்லாம் தாங்கியது என் மனத் தைரியம் என்று நீ நினைக்கிறாய். தைரியத்தால் மட்டும் அது நடக்காது. காலையில் அடுத்த சிஸ்டர் வருவார். கட்டில் கட்டிலாக நின்று ஒப்படைப்போம். ட்ரிப் எத்தனை பாட்டில் ஏறியிருக்கிறது, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது, யார் ராத்திரி முழுக்க அழுதார், யாருடைய அம்மா இன்னும் வந்து சேரவில்லை. ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர்கள் அந்த சிஸ்டரின் பொறுப்பு. பஸ்ஸில் வரும்போது முகங்கள் ஞாபகம் வரத்தான் செய்யும். ஆனால் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்பது நிச்சயமாகத் தெரியும்.

உனக்கு அந்த ஆள் இல்லை. பெங்களூரில் ஒரு சின்ன அறையில் ஒருவர் மாற்றி ஒருவராக எட்டுப் பேர் வந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். என்னிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 2017 மனநலச் சட்டமே ரகசியம் காக்கச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நீ சொல்லமாட்டாய். ஆனால் ரகசியம் காப்பது வேறு, தனியாகச் சுமப்பது வேறு. உங்கள் தொழிலில் சூப்பர்விஷன் என்று ஒன்று இருப்பதே இதற்குத்தானே? பெயர், ஊர் எதையும் வெளிவிடாமல், மூத்தவர் ஒருவரிடம் "இந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏன்?" என்று கேட்கலாமே. படிக்கும்போது வாரா வாரம் போனாய். வேலைக்குச் சேர்ந்ததும் நின்றுபோயிற்று. உங்கள் பேராசிரியர் மேடம் இன்னும் ஆன்லைனில் எடுக்கிறாராம், நீதான் சொன்னாய். கட்டணம் கேட்டால் நான் தருகிறேன். புடவைக்கும் நகைக்கும் கேட்கிற பிள்ளை இல்லை நீ, இதற்காவது கேள்.

அப்புறம், உன்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்து. கல்நெஞ்சோடு சொல்லவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். முதல் நாளே அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிடு. உன்னை விட்டால் வேறு கதி இல்லை என்ற நிலையில் யாரையும் வைக்காதே. உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் வார்டில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். யாரைப் பார்த்தாலும் சிடுசிடுப்பு, கல்லு மாதிரி என்பார்கள். பல வருஷமாக அவரை அங்கேயே போட்டு வைத்திருந்தார்கள். புதிதாக வந்த மேட்ரன் அவரைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இடத்துக்கு மாற்றினார். முழுக்கப் பழையபடி ஆனார் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருநாள் யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு ஊசி மருந்துப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், சிரித்த முகமாக. அதே மனுஷிதான். வேலை பார்க்கும் இடம் மாறியது. மாஸ்லாக்கும் அவரோடு ஆராய்ச்சி செய்த லைட்டரும் பின்னால் எழுதியதும் இதைத்தான்: வேலைப் பளு, தன் வேலையில் தனக்குள்ள உரிமை, கிடைக்கும் மதிப்பு, கூட இருப்பவர்கள், நியாயம், மனசாட்சி. இவற்றில் எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். யோகாவும் ஒரு வார லீவும் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பிப் போனால் அதே எட்டுப் பேர்தானே?

ஆகவே நிர்வாகத்திடம் பேசு. ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் நடுவில் கால் மணி நேரம், மனசை உலுக்கும் கதைகள் அடுத்தடுத்து வேண்டாம் என்று கேள். எழுத்தில் கொடு, வாய்ப்பேச்சு நிற்காது. முடியாது என்றால் விட்டுவிட்டு வா. உன் கல்விக் கடன் தவணையை என் பென்ஷனில் சில மாதம் கட்டலாம், பேங்கில் கேட்டுவிட்டேன். அப்பாவுக்கும் சம்மதம்தான்.

இதெல்லாம் செய்தும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற மாதிரி ஓர் எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அது வெறும் வேலைக் களைப்பு இல்லை. உடனே மனநல மருத்துவரைப் பார். எனக்கும் போன் போடு, எந்நேரமானாலும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன்.

பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மத்தியானம் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் பிஸ்கட் தின்று ஓட்டாமல் சோறு சாப்பிடு. நீண்ட பதில் வேண்டாம். மேடத்திடம் எந்தக் கிழமை பேசப்போகிறாய் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் எனக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா